ஒரு மணி நேரம் ஆடிட்டுப் போற நாடகத்தால பிள்ளைங்களுக்கு என்ன மிச்சம்?

கேள்வி, 7 ஜூலை 2024

ஆலங்குளம் பக்கம் ஒரு ஈராசிரியர் பள்ளில அஞ்சு வருசமா வேலை பாக்கேன். போன வருசம் ஒரு நாடகக் குழு வந்தாங்க. ஒரு மணி நேரம் ஆட்டம் பாட்டு, பிள்ளைங்க உருண்டு உருண்டு சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். மறுநாள் வகுப்புல கேட்டா பூதம் தொபுக்குனு விழுந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கு, கதை என்னன்னு ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியல. கழித்தல்ல கடன் வாங்கத் தெரியாத பையன் அன்னைக்கும் அப்படியேதான் முழிச்சான். ஊர் ஊராப் போயி ஆடுத நாடகத்தால பள்ளிக்கூடத்துக்கு என்ன பிரயோஜனம்? திருவிழாவுல பலூன் வாங்கிக் குடுத்த மாதிரிதான் எனக்குத் தோணுது. நாடகக்காரங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

8 ஜூலை 2024

நாடகக்காரி நான் இருக்கேன் தம்பி, சொல்லுதேன். 2005ல ஆரம்பிச்சது, இந்த வருசத்தோட 19 ஆச்சு. அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம், கடையம், சங்கரன்கோவில்னு நான் நின்னு ஆடாத பள்ளிக்கூடத்து வேப்பமரம் கொஞ்சம்தான் இருக்கும். பலூன்னு சொல்லிட்டீங்க, சுருக்குன்னு இருந்துச்சு. பிள்ளைங்க உருண்டு சிரிச்சாங்கன்னு நீங்களே எழுதிருக்கீங்க, அது போதாதா? காலைல எந்திரிச்சு அம்மாவுக்கு பீடி இலை வெட்டிக் குடுத்துட்டு வார பிள்ளை ஒரு மணி நேரம் எல்லாத்தையும் மறந்து சிரிச்சா அத எந்த ரெக்கார்டுல எழுதுவீங்க? கழித்தல் சொல்லிக்குடுக்க நாங்க வரல.

10 ஜூலை 2024

முந்தாநாள் கோவத்துல எழுதிட்டேன். அழிக்கல, அப்படியே கிடக்கட்டும், ஆனா ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

பூதம் விழுந்தது மட்டும் ஏன் ஞாபகம் இருக்குன்னு யோசிச்சேன். எங்க நாடகத்துலயும் ஒரு பூதம் இருக்கு, குளத்துத் தண்ணியப் பூராவும் குடிச்சுட்டு வயிறு வீங்கி நடக்க முடியாம விழும். அந்த விழுகைய மட்டும் நாங்க மூணு நாள் ஒத்திகை பாத்தோம், எப்படிச் சாஞ்சா அடிபடாது, எந்த நேரத்துல உடுக்கை நிக்கணும், விழுந்த பொறவு எத்தனை எண்ணி எந்திரிக்கணும்னு. ஆனா பூதம் ஏன் தண்ணி குடிச்சுது, ஊர்க்காரங்க என்ன செஞ்சாங்கங்கிறதெல்லாம் ஒருத்தர் நின்னு வாயால சொல்லுத மாதிரிதான் வச்சிருந்தோம். மைக் கிடையாது, எதுத்த கிளாஸ்ல வாய்ப்பாடு சொல்லுத சத்தம், ரோட்டுல மினிபஸ் ஆரன். வாயால சொன்னது காத்தோட போச்சு, உடம்பால செஞ்சது பிள்ளைங்க கண்ணுல தங்கிருச்சு. அப்போ குறை பிள்ளைங்க மேல இல்ல, நாங்க எதுக்குப் பாடுபட்டோமோ அதத்தான் அவங்க எடுத்துட்டுப் போயிருக்காங்க.

உங்க ஊருக்கு வந்த குழுவும் அப்படித்தான் செஞ்சிருப்பாங்கன்னு நினைக்கேன். பாதி நீங்க சொல்லுதது சரி.

14 ஜூலை 2024

கதை கேக்கல, கதை கேக்கலன்னு ரெண்டு மூணு டீச்சர்மாரும் எழுதிருந்தீங்க. பாதிப் பள்ளிக்கூடத்துல உக்காத்தி வைக்கதே தப்பா இருக்கு, அத முதல்ல சொல்லுதேன்.

நம்ம பக்கம் ஆனி ஆடியில காத்து மேக்க இருந்து அடிக்கும். செங்கோட்டைக் கணவாய் ஒரு பக்கம், ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒரு பக்கம், வள்ளியூர் பணகுடி ராதாபுரம்லாம் சொல்லவே வேண்டாம், காத்தாடி சும்மாவா அங்க நட்டு வச்சிருக்கான். இந்த மாசத்துல நாடகக்காரங்க மேக்க நிக்கணும், பிள்ளைங்க கெழக்க உக்காந்து மேக்க பாக்கணும். அப்பதான் காத்து நம்ம குரலத் தூக்கிட்டுப் போயி கடைசி வரிசைல போடும். காலை நேரம்னா இன்னொரு லாபம், வெயில் பிள்ளைங்க முதுகுப் பக்கம் இருக்கும், நம்ம மூஞ்சில வெளிச்சம் விழும், கண்ணு முழி உருளுததுகூட அவங்களுக்குத் தெரியும். இதையே மாத்தி உக்காத்தினா நாம பேசுதது நம்ம வாய்க்குள்ளயே திரும்பி வரும், மண்ணும் சேந்து வரும்.

சாயங்காலம் ஆடச் சொன்னா இந்தக் கணக்கு உதவாது, மேக்க இருக்க வெயில் பிள்ளைங்க கண்ணக் குத்தும். கட்டடத்து நிழல் கெழக்க விழும்லா, அதுக்குள்ள பிள்ளைங்கள வச்சு, சுவர ஒட்டி நாம நின்னுக்கிடணும். சுவரும் குரலத் திருப்பிக் குடுக்கும்.

மரத்தடினா 11 மணிக்கு உக்காத்தின இடத்துல 12 மணிக்கு நிழல் இருக்காது. நிழல் சுருங்கி மரத்துப் பக்கம் வரும். முதல்லயே மரத்தை ஒட்டி உக்காத்திட்டா நடுவுல எந்திரிச்சு நகர வேண்டாம். ஒரு தடவ எழுப்பினா திரும்ப உக்காத்த பத்து நிமிசம் போயிரும், கதையும் அறுந்துரும்.

ஒண்ணு ரெண்டு படிக்க பிள்ளைங்களுக்கு 25 நிமிசத்துக்கு மேல முடியாது, ஒண்ணுக்கு வரும், பக்கத்துல இருக்கவ சடையப் பிடிச்சு இழுக்கத் தோணும். நாலு அஞ்சுன்னா முக்கால் மணி நேரம் தாங்கும். எல்லாரையும் ஒண்ணா உக்காத்தி ஒன்றரை மணி நேரம் ஆடுங்கன்னா யாராலயும் முடியாது.

28 ஜூலை 2024

இது ரொம்ப நாளா யார்ட்டயும் சொல்லாதது. பிரயோஜனம் என்னன்னு கேட்டீங்களே, பிரயோஜனம் இல்லாதத விட மோசமா ஒண்ணு நான் செஞ்சிருக்கேன்.

2007, களக்காட்டுக்குத் தெக்க ஒரு ஊரு. எனக்கு அப்ப ரெண்டு வருச அனுபவம், எல்லாம் தெரியுங்கிற நெனப்பு. கடைசி வரிசைல ஒரு பையன், நாலாங்கிளாஸ் இருக்கும், ஆரம்பத்துல இருந்து சிரிக்கவே இல்ல, வாய்ல சட்டைக் காலரக் கடிச்சுட்டு உக்காந்திருக்கான். இவன சிரிக்க வச்சுட்டுத்தான் போகணும்னு எனக்கு ஒரு வீம்பு. ஓடிப் போயி கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து நடுவுல நிப்பாட்டி, தலைல ராசா கிரீடத்தை வச்சுட்டேன். "ராசா பேசுவார், கேளுங்க"ன்னு சொல்லிட்டு நானும் தரைல உக்காந்துட்டேன்.

அவன் பேசல. கிரீடம் பெருசு, கண்ணு வரைக்கும் எறங்கிருச்சு. அத ஏத்தி விடக்கூட கை வரல அவனுக்கு. ரெண்டு கையையும் டவுசர் பக்கத்துல ஒட்டி வச்சிருந்தான். அப்புறம் கால் வழியா எறங்கிச்சு. முன் வரிசைல இருந்த பொடிசுதான் முதல்ல பாத்துச்சு, பாத்துட்டுக் கத்திச்சு. அம்புட்டுப் பிள்ளைங்களும் சிரிச்சாங்க. அந்த நாடகத்துலயே பெரிய சிரிப்பு அதுதான்.

நான் கிரீடத்தை எடுத்துட்டு அவன அப்படியே உள்ள கூட்டிட்டுப் போயிருக்கணும். செய்யல. "கைதட்டுங்க ராசாவுக்கு"ன்னு சொல்லிட்டு அடுத்த காட்சிக்குப் போயிட்டேன். ஆட்டம் நின்னுரக் கூடாதேன்னு.

மூணு நாளா அவன் பள்ளிக்கூடம் வரலன்னு பொறவு அந்த டீச்சர் சொன்னாவ.

30 ஜூலை 2024

போயி பாக்கலயான்னு கேட்டிருக்கீங்க. போனேன், ஆனா ஒரு வருசம் கழிச்சு, அந்தப் பக்கம் வேற பள்ளிக்கூடத்துக்கு ஆடப் போனப்ப. வீட்டைக் காட்டினாங்க, பூட்டிக் கிடந்துச்சு. குடும்பத்தோட திருப்பூர் போயிட்டாங்கன்னு பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னா. ஒரு வருசம் கழிச்சுப் போனது தப்பு. மறுநாளே போயிருக்கணும், நாங்குநேரில இருந்து பஸ் இருந்துச்சு.

இப்ப அவனுக்கு 26 வயசு இருக்கும்.

11 ஆகஸ்ட் 2024

அந்தப் பையனுக்குப் பொறவு எங்க குழுவுல ஒரு சட்டம். யாரையும் தொட்டு இழுக்கக் கூடாது, கையத் தூக்கினவங்கள மட்டும்தான் கூப்பிடணும். இதத்தான் போற எடமெல்லாம் சின்னப் பசங்களுக்குப் பயிற்சில சொல்லிக்குடுத்தேன், பத்து வருசம்.

இதுவும் பத்தாதுன்னு தெரிய எனக்குப் பத்து வருசம் ஆச்சு. கையத் தூக்குதது யாரு? வகுப்புத் தலைவன், சத்துணவுக்கூடத்து அம்மா மகள், போன வருசமும் மேடையேறின அதே நாலு பேரு. நாங்க போற ஊர்ல எல்லாம் அந்த நாலு பேருக்குத்தான் நாடகம், மத்தவங்களுக்கு வேடிக்கை. தொட்டு இழுக்காம இருக்கது சரி, ஆனா கூப்பிடாமலே விடுததும் ஒரு மாதிரி தள்ளி வைக்கதுதான.

எங்க குழுவுல உடுக்கை வாசிக்க அண்ணாச்சி ஒரு வழி சொன்னாவ. "எட்டி, மேடைக்கு எதுக்கு கூப்பிடுத, உக்காந்த எடத்துல சோலி குடு." அதுல இருந்து வந்ததுதான் மழை.

எல்லாரும் உக்காந்தபடியே இடது உள்ளங்கைய விரிக்கணும். வலது கை ஒத்த விரலால மெதுவா தட்டணும். ஒத்த விரல்ல 60 பிள்ளைங்க தட்டினா தூரத்துல ஓட்டு மேல தூறல் விழுத மாதிரி இருக்கும். பொறவு ரெண்டு விரல், மூணு, நாலு. அஞ்சு விரலும் சேரும்போது பாபநாசத்து மலையில இருந்து மழை எறங்கி வந்துரும். அடுத்து தொடையில ரெண்டு கையாலயும், அடுத்து தரைல. அப்ப அண்ணாச்சி உடுக்கைய இழுத்து ஒரு இடி. பொறவு அப்படியே எறங்கணும், தொடை, அஞ்சு விரல், நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. கடைசி ஒத்த விரல் நிக்கும்போது வருத அமைதி இருக்கே, அந்த அமைதில எந்த டீச்சரும் "ஏலே சத்தம் போடாத"ன்னு சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது.

காலரக் கடிச்சுட்டு உக்காந்திருக்க பிள்ளையும் தட்டும். தட்டலன்னாலும் யாரும் பாக்க மாட்டாங்க. அதுதான் முக்கியம், தப்பிச்சுக்கிட எடம் இருக்கணும்.

ஒரு தப்பு செஞ்சுராதீங்க, இடியில இருந்து ஆரம்பிக்காதீங்க. பிள்ளைங்க பெரிய சத்தத்துக்குப் போயிட்டா ஒத்த விரலுக்குக் கொண்டு வரவே முடியாது.

25 ஆகஸ்ட் 2024

முகமூடி செய்ய பசை கேட்டீங்க. மைதாவப் பச்சத் தண்ணில கட்டி இல்லாம கரைச்சு, அடுப்புல வச்சுக் கிண்டிட்டே இருந்தா கண்ணாடி மாதிரி வரும், எறக்கி ஆறவிடணும். பலூன ஊதி அது மேல பழைய தினசரித் தாளக் கிழிச்சு (வெட்டக் கூடாது, கிழிச்சாதான் ஓரம் ஒட்டும்) ஆறேழு அடுக்கு. ரெண்டு நாள் காயணும், ஐப்பசி கார்த்திகையில செஞ்சா காயாது, பூஞ்சை பிடிக்கும். காஞ்ச பொறவு பலூன உடைச்சுட்டு ரெண்டாப் பிளந்தா ரெண்டு மூஞ்சி.

பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் போடலாம்னு ஒருத்தர் எழுதிருக்கீங்க. தயவு செஞ்சு வேண்டாம். சுவரொட்டி ஒட்டுதவங்க போடுவாங்க, அது வேற. துத்தம் விசம், இது பிள்ளைங்க மூக்கு வாய்ல வச்சுக் கட்டுத சாமான், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை நக்கிப் பாக்காம இருக்குமா. பூச்சி அரிச்சா அடுத்த வருசம் புதுசு செஞ்சுக்கிடலாம், செய்யுததுதான் அவங்களுக்கு சந்தோசமே.

பூதத்தைப் பாத்து பொடிசுங்க அழுதா என்ன செய்யன்னும் கேட்டீங்க. ஒளிஞ்சு நின்னு திடீர்னு குதிச்சு வந்தா அழத்தான் செய்யும். நான் பிள்ளைங்க முன்னாடியே தரைல உக்காந்து முகமூடிய எடுத்துக் கட்டுவேன். முடிச்சு போட ஒரு பிள்ளைய உதவிக்குக் கேப்பேன், வந்தா வரட்டும் வராட்டா நானே போட்டுக்குவேன். அக்காதான் பூதம்னு தெரிஞ்சே பயப்படுவாங்க, அந்தப் பயம் அவங்களுக்குப் பிடிக்கும். போகும்போது கழட்டிக் குடுத்துருவேன், தொட்டுப் பாத்துட்டு "உள்ள ஒண்ணுமே இல்ல"ன்னு அடுத்தவன்ட்ட சொல்லுவாங்க.

15 செப்டம்பர் 2024

காசு பத்தி ஒருத்தர் கேட்டாரு, சுருக்கமா சொல்லிட்டுப் போயிருதேன். நாங்க நாலு பேரு, ஒரு குட்டியானை வண்டி வாடகைக்கு. அரசுப் பள்ளில டீச்சர்மார் கையில இருந்து போட்டுக் குடுக்கது, சில ஊர்ல ஊர்க்காரங்க அரிசி தேங்கா குடுப்பாங்க, ரெண்டு எடத்துல மதியச் சாப்பாட்டுக்கே பொங்கி எறக்கிட்டாங்க. ஒரு பெரிய தனியார் பள்ளிக்கூடத்துல பேசின பணத்துக்கு மூணு மாசம் நடந்தோம், கடைசில பாதிதான் வந்துச்சு. ஆடி முடிஞ்ச உடனே கைல வாங்கிரணும்னு அன்னைக்குத்தான் படிச்சேன்.

வருசத்துல ஜூலைல இருந்து பிப்ரவரி வரைக்கும்தான் சோலி. மார்ச் ஏப்ரல் பரீட்சை, மே லீவு, ஜூன்ல புத்தகம் குடுக்கவும் அட்மிசனுமே சரியா இருக்கும். நவம்பர் 14க்கு மட்டும் ஒரே நாள்ல ஏழு பள்ளிக்கூடம் கூப்பிடும், அன்னைக்குப் பாத்து மழையும் பெய்யும். மீதி மாசம் நான் தையல், அண்ணாச்சிக்குக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டுல உடுக்கை. பொம்பளைங்களுக்குன்னு ஒரு கஷ்டம், பாதிப் பள்ளிக்கூடத்துல கக்கூஸ் பூட்டிக் கிடக்கும், தாக்கோல் யார்ட்ட இருக்குன்னு யாருக்கும் தெரியாது. எறங்கின உடனே நான் கேக்க முதல் கேள்வி அதுதான். நமக்கு மட்டுமில்ல, அங்க படிக்க பொம்பளப் பிள்ளைங்களுக்கும் அதே கதிதான.

29 செப்டம்பர் 2024

வில்லுப்பாட்டுன்னதும் இது ஞாபகம் வந்துச்சு, காலாண்டு லீவு, உக்காந்து எழுத நேரமும் இருக்கு.

வில்லுப்பாட்டு தெரியாதவங்க இருக்க மாட்டாங்க நம்ம ஊர்ல. வில்லு, மணி, வீசுகோல், குடம், உடுக்கை, தாளம். அண்ணாவி கதை சொல்லச் சொல்ல பக்கத்துல இருக்கவரு "ஆமா" போடணும். ஆமா போடலன்னா கதை நகராது. என் தாத்தா அந்த ஆமா போடுத ஆளுதான், 40 வருசம், கொடைக்குக் கொடை. அண்ணாவி களைச்சா இவர் ஆமாவுல ஒரு சிரிப்ப வச்சு சனத்தை எழுப்பிருவாராம்.

நாங்க பிள்ளைங்க எல்லாரையும் ஆமா போடச் சொல்லுவோம்.

"பொதிகை மலைக்காட்டுல ஒரு யானை!"
"ஆமா!"
"யானைக்கு ரெண்டு பெரிய காது!"
"ஆமா!"
"யானைக்கு ஆறு காலு!"
"ஆமா!"

அம்புட்டுப் பேரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. தெரியாம இல்ல, முந்தி ரெண்டு ஆமா போட்ட வேகம். நாங்க ஒண்ணும் சொல்லாம மேல போவோம். "யானை காலைல ஆத்துல குளிச்சு, தலை சீவி, ரிப்பன் கட்டி..." ஆமா, ஆமா. எங்கயாவது ஒரு எடத்துல ஒத்தக் குரல் வரும். "இல்லே." ரொம்ப மெல்லிசா வரும், பாதி நேரம் அந்தப் பிள்ளையே வாயப் பொத்திக்கிடும். அப்ப அண்ணாச்சி உடுக்கைய நிப்பாட்டிருவாவ. ஆட்டம் பூராவும் நிக்கும். "யாரோ இல்லேன்னாங்களே"ன்னு நான் கேப்பேன். எழுந்திரிக்கச் சொல்ல மாட்டேன். "ஏன் இல்லே?" உக்காந்தபடி சொன்னாப் போதும். "யானைக்கு நாலு காலுதான்." சரின்னு ஆரம்பத்துல இருந்து திரும்பப் பாடுவோம், இந்தத் தடவ நாலு காலு.

அதுக்கு அடுத்து என்ன ஆகும்னா எல்லாத்துக்கும் இல்லே சொல்ல ஆரம்பிச்சுருவாங்க. யானை கறுப்புன்னா இல்லே, காட்டுல மரம் இருந்துச்சுன்னா இல்லே. விடணும், ரெண்டு நிமிசம் விடணும். பொறவு "ஏன் இல்லே"ன்னு கேட்டா தானா அடங்கும், காரணம் சொல்லணும்லா.

முதல் தடவ இத ஆடும்போது மூணு டீச்சருக்குக் கோவம் வந்துச்சு, பெரியவங்க சொல்லுததுக்கு இல்லேன்னு சொல்லப் பழக்குதீங்களேன்னு. எனக்கு அவங்க மேல வருத்தம் இல்ல, 40 பிள்ளைங்கள ஒத்த ஆளா மேய்க்கவங்க அவங்க. ஆனா நான் இத விட மாட்டேன்.

13 அக்டோபர் 2024

பிள்ளைங்களயே நடிக்க வச்சு பரிசு வாங்கலாமே, கலைத் திருவிழாதான் வருசா வருசம் நடக்கேன்னு ஒரு பெரிய டீச்சர் எழுதிருக்காவ. நல்லதுதான். ஆனா பிள்ளைங்க நடிக்கதும் பிள்ளைங்களுக்காக நடிக்கதும் வேற வேற.

நாடகம் எழுதின சங்கரதாஸ் சுவாமிகள் நம்ம தூத்துக்குடியில 1867ல பொறந்தவரு. அவர் 1918ல மதுரைல பையங்கள வச்சே ஒரு சபை நடத்தினாரு, அந்த மாதிரி பாய்ஸ் கம்பெனில இருந்துதான் டி.கே.எஸ். சகோதரர்கள் மாதிரி பெரிய பெரிய நடிகரெல்லாம் வந்தாங்க. அவர் பாட்டக் கேட்டா இன்னைக்கும் எனக்குப் புல்லரிக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, பத்து வயசுப் பையன் வீட்டை விட்டு வந்து ராசா ராணி வேசம் கட்டி ராத்திரி முழுக்க பெரியவங்களுக்கு ஆடிருக்கான். அந்தப் பையனுக்கு யாரு நாடகம் போட்டா?

பரிசுக்குப் பழக்கும்போதும் அதுதான் நடக்கும், ஒரு மாசம் ஒரே வசனம், மறந்தா திட்டு. பாக்க உக்காந்திருக்கது ஜட்ஜ். பிள்ளைங்க சந்தோசமா இருந்தா செய்யுங்க, வேண்டாம்னு சொல்லல. திட்டு விழுதுன்னா நிப்பாட்டிருங்க.

17 நவம்பர் 2024

குழந்தைகள் தினத்துக்கு அடுத்த நாள் ஒரு ஊர்ல நடந்தது. ஊர் பேரு வேண்டாம்.

ஆட்டம் முடிஞ்சு சாமான் கட்டிட்டு இருக்கோம். காலுறைல செஞ்ச கிளிப் பொம்மை ஒண்ணு என் கைல மாட்டியிருந்துச்சு. ஏழாங்கிளாஸ் பிள்ளை ஒண்ணு வந்து என்னப் பாக்கல, கிளியப் பாத்துப் பேசுது. "கிளி, அடுத்த மாசத்துல இருந்து நான் ஸ்கூலுக்கு வர மாட்டேன்." கிளி ஏன்னு கேட்டுச்சு. மாமா பையனுக்குப் பேசி முடிச்சிருக்காங்களாம். "யார்ட்டயும் சொல்லாத"ன்னு கிளிட்ட சொல்லுது.

19 வருசத்துல இது எனக்கு மூணாவது தடவ. முதல் தடவ நான் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு என்ன செய்யன்னு தெரியாம ராத்திரி முழிச்சுக் கிடந்தேன். இப்ப சத்தியம் பண்ணுததில்ல. கிளி என்ன சொல்லுச்சுன்னா, "என்னால உன்னக் காப்பாத்த முடியாது, நான் காலுறை. காப்பாத்துத ஆளுங்கட்ட மட்டும் சொல்லுதேன், வேற யார்ட்டயும் சொல்ல மாட்டேன்." அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் நின்னுச்சு, பொறவு தலைய ஆட்டிச்சு. தலைமை ஆசிரியர்ட்ட போயி சொல்லிட்டு, அவங்க முன்னாடியே பிள்ளைங்க உதவிக்கான 1098 நம்பருக்குப் போன் போட்டோம்.

ஊர் சுத்துத ஆளுங்கட்டதான் பிள்ளைங்க இத சொல்லும். நாளைக்கு நாம அங்க இருக்க மாட்டோம்னு அதுக்குத் தெரியும், அதனால சொல்லும். ஆனா நாளைக்கு அங்க இருக்கப் போறது டீச்சர்தான், அதனால நாங்க மட்டும் கேட்டுட்டு வண்டியேறிட்டா அது பெரிய பாவம். இத நாடகத்துக்கு வார புதுப் பசங்க எழுதி வச்சுக்கிடணும்.

கல்யாணம் நின்னுருச்சு. பிள்ளை பள்ளிக்கூடம் போகுது. இதுக்கு மேல எழுத மாட்டேன்.

22 டிசம்பர் 2024

முதல் கேள்விய எழுதின தம்பி போன்ல பேசினாரு. "பலூன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க, ஆனா கேள்வி கேள்விதான், என் பள்ளிக்கூடத்துல அஞ்சு நாள் இருந்து பாருங்க"ன்னாரு. பொங்கல் லீவு முடிஞ்ச உடனே வாரேன்னு சொல்லிட்டேன். அஞ்சு நாள் ஒரே பள்ளிக்கூடம். சொல்லிட்டேனே தவிர ராத்திரி படுத்தா பயமா இருக்கு. நாலு மணி நேரத்துக்கு எங்கிட்ட சரக்கு இருக்கு, அஞ்சு நாளுக்கு இல்ல.

26 ஜனவரி 2025

20ல இருந்து 24 வரைக்கும் அங்கதான் இருந்தேன். மொத்தம் 31 பிள்ளைங்க, அஞ்சு வகுப்பு, ரெண்டு ரூம்பு. மத்த மூணு பேருக்கும் கோயில் சோலி இருந்துச்சு, நான் மட்டும்தான் போனேன்.

முதல் நாள் ஒண்ணுமே ஆடல. கடைசி பெஞ்சுல உக்காந்து பாத்தேன். காலை உணவு எத்தனை மணிக்கு முடியுது, யார் யார் பக்கத்துல உக்காரா, யாரு யார அடிக்கான். ரெண்டாம் நாள் மழை, யானை. எல்லாம் வழக்கம் போல.

மூணாம் நாள் தம்பி கரும்பலகைல 42ல இருந்து 17ஐக் கழிக்கப் போட்டாரு. அந்தப் பையன், கேள்வில எழுதிருந்தாரே, இப்ப அஞ்சாங்கிளாஸ், அவன் முழிக்கான். இத நடிச்சுப் பாப்போமான்னு கேட்டேன். சாக்பீஸால தரைல ரெண்டு வீடு வரைஞ்சோம், ஒண்ணுகள் வீடு, பத்துகள் வீடு. தென்ன ஈர்க்குப் பத்துப் பத்தா கட்டி நாலு கட்டு பத்துகள் வீட்டுல, ஒண்ணுகள் வீட்டுல ரெண்டே ரெண்டு ஈர்க்கு. விருந்தாளி வந்து ஏழு ஈர்க்கு கேக்காரு. ஒண்ணுகள் வீட்டுல இருந்த பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் போயி கடன் கேக்கணும். அவ போகவே மாட்டேங்கா. "போயி கேளு"ங்கேன், நிக்கா. பொறவு கேட்டா பாருங்க ஒரு கேள்வி.

"வாங்குன கடன எப்ப திருப்பிக் குடுக்கணும்?"

எனக்கும் தம்பிக்கும் பேச்சே வரல. கழித்தல்ல கடன் வாங்குதோம் கடன் வாங்குதோம்னு சொல்லுதோமே, யாரு திருப்பிக் குடுத்தா? அந்த ஊர்ல பாதி வீட்டுல பீடி சுத்துதாங்க, எல்லா வீட்டுலயும் குழுக் கடன், வாராவாரம் வசூல்காரங்க வாசல்ல வந்து உக்காருவாங்க. எங்க அம்மாவும் முக்கூடல்ல பீடி சுத்தினவதான், எனக்கே இது தோணல. அந்தப் பிள்ளைங்களுக்குக் கடன்னா கணக்குல வார வார்த்தை இல்ல, அம்மா அடுக்களைக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிடுத சமாச்சாரம்.

கடன எடுத்துட்டோம். பத்துகள் வீட்டுப் பையன் ஒரு கட்டைத் தூக்கிட்டு வந்து, ஒண்ணுகள் வீட்டு வாசல்ல வச்சு நூல அவுக்கணும், "கட்டைப் பிரி, கட்டைப் பிரி"ன்னு மத்தவங்க பாடணும். பிரிச்சா பத்து, இருந்த ரெண்டோட 12. ஏழு குடுத்தா அஞ்சு மிச்சம். பத்துகள் வீட்டுல மூணு கட்டு, அதுல விருந்தாளிக்கு ஒரு கட்டு போக ரெண்டு. 25. முழிச்ச பையன்தான் நூல அவுத்தான். நாலஞ்சு தடவ திரும்பத் திரும்ப அவனே அவுக்கணும்னு சண்டை போட்டான்.

அவன் கழித்தல் படிச்சுட்டான்னு எழுத மாட்டேன். வெள்ளிக்கிழமை தாள்ல போட்டப்ப மூணுல ரெண்டு தப்பு. ஆனா தப்பாப் போட்ட ரெண்டுலயும் பக்கத்துல ஒரு கட்டு வரைஞ்சு நூலு அவுந்து கிடக்க மாதிரி படம் போட்டிருந்தான்.

கழித்தல் சொல்லிக்குடுக்க நாங்க வரலன்னு முதல் நாள் எழுதினேன்லா தம்பி, அத வாபஸ் வாங்கிக்கிடுதேன். ஒரு மணி நேரத்துல இது நடக்காது, முதல் நாள் சும்மா உக்காந்திருக்கலன்னா அந்தப் பிள்ளை எங்கிட்ட அந்தக் கேள்விய கேட்டிருக்காது. அதே நேரம் வெளியாள் ஒருத்தி வந்து தரைல வீடு வரையலன்னா அஞ்சு வருசமும் அது கேக்காமலே போயிருக்கும்.

9 மார்ச் 2025

தம்பி அனுப்பினத அப்படியே போடுதேன், அவர் சம்மதத்தோட.

"அக்கா, நீங்க போன பொறவு யானைப் பாட்ட கணக்குக்கு மாத்திப் பாத்தேன். வேணும்னே பலகைல தப்பாப் போட்டுட்டு நிப்பேன். முதல் வாரம் எல்லாரும் அப்படியே நோட்டுல எழுதினாங்க. ரெண்டாவது வாரம் கடன் எப்ப திருப்பிக் குடுக்கணும்னு கேட்டாளே அவதான் முதல்ல இல்லே சார்னா. இப்ப பாதி வகுப்பு சொல்லுது. நேத்து அவசரத்துல நெசமாவே தப்பாப் போட்டுட்டேன், பெரிய சார் வேற உள்ள நிக்காரு, விடவே இல்ல அக்கா."

ஏப்ரல் முதல் வாரம் மூணு நாள் அங்க வாரேன்னு சொல்லிருக்கேன். பரீட்சைக்கு முன்னாடி மேக்க இருக்க ரூம்ப ஒழிச்சுத் தாரேன்னு சொல்லிருக்காரு. இந்தத் தடவ அண்ணாச்சியும் உடுக்கையோட வாராவ. பழைய ஈர்க்குக் கட்டெல்லாம் இருக்கட்டும் தம்பி, தூரப் போட்டுராதீங்க.